படுக்கையில இருக்கிற பெரியாக்களுக்கு பம்பஸ் மாத்திறது எப்பிடி

ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து), வீட்டை கொண்டு வந்து கட்டில்ல படுக்க வைச்சாப் பிறகுதான் கன பேருக்கு விளங்கும், இனி பம்பஸ் மாத்திறதும் எங்கட வேலை எண்டு. பாரிசவாதம் வந்த அம்மாவா இருக்கலாம், விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்ச அப்பாவா இருக்கலாம், சண்டையில செல் பட்டு முள்ளந்தண்டு பழுதாகி 2009இல இருந்து படுக்கையில இருக்கிற அண்ணாவா இருக்கலாம், வன்னியில அப்பிடி ஒரு ஆள் இருக்கிற வீடு குறைவில்லை. நான் எங்கட மாமியைப் பாத்த அனுபவத்திலயும் வாட்டில நேர்ஸ்மார் காட்டித் தந்ததை வைச்சும் இதை எழுதிறன், முதல் கிழமையில என்ன செய்யிறதெண்டு தெரியாம நிக்கிற ஆக்களுக்காக. ஒண்டை முதலே சொல்லுறன், பம்பஸை ஒட்டுறது கஷ்டமில்லை, அது ரெண்டு நாளில கை பழகிடும். கவனமாப் பழகவேண்டியது ஆளை நோகாமல் திருப்பிறதும், ஒவ்வொருக்கா மாத்தேக்கயும் தோலை வடிவாப் பாக்கிறதும்தான். தோல் பழுதாகி படுக்கைப் புண் வந்திட்டா மாறுறதுக்கு மாதக்கணக்கா இழுக்கும்.

இன்னும் வாட்டிலதான் நிக்கிறியள் எண்டா, துண்டு வெட்ட முதல் நேர்ஸிட்ட கேட்டு ஒருக்கா நீங்களே அவைக்கு முன்னால மாத்திப் பாருங்கோ. கேட்டா ஆரும் மாட்டன் எண்டு சொல்ல மாட்டினம்.

வாங்கேக்க

ரெண்டு விதம் இருக்கு, பக்கத்தில ஒட்டுறது ஒண்டு, ஜட்டி மாதிரி காலால ஏத்திப் போடுறது மற்றது. எழும்பேலாத ஆளுக்கு ஒட்டுறதுதான் சரி, மற்றதைக் காலால இழுத்து ஏத்தப் போனா நீங்களும் களைச்சு அவையும் நொந்து போவினம். சைஸ் பாக்கிறதுக்கு இடுப்பையும், பின்பக்கம் ஆகப் பெருத்த இடத்தையும் தையல் ரேப்பால அளந்து, எது கூடவோ அதை வைச்சு பக்கெற்றில இருக்கிற சென்ரிமீற்றர் கணக்கோட பாருங்கோ, ஏனெண்டா ஒரு கொம்பனியின்ர மீடியம் இன்னொரு கொம்பனியின்ர லார்ஜ் அளவுக்கு இருக்கும். பெரிசா வாங்கினா ஒழுகாது எண்டு நினைக்காதேங்கோ, தொடைப்பக்கம் இடைவெளி விழுந்து அதாலதான் ஒழுகும். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற ஆக்கள் டவுனுக்குப் போற நேரம் மொத்தமா வாங்கத்தான் விரும்புவினம், அது சரி, ஆனா முதல்ல ஒரு சின்னப் பக்கெற் எடுத்துப் போட்டுப் பாத்து, தோலுக்கு ஒத்து வருதோ எண்டு தெரிஞ்சாப் பிறகு வாங்குங்கோ.

கட்டிலும் சாமானும்

ரெண்டு பேர் நிண்டு செய்யிறதெண்டா கட்டிலைச் சுவரில இருந்து இழுத்து விட்டு ரெண்டு பக்கமும் ஆள் நிக்கலாம். தனியச் செய்யிற ஆக்கள் கட்டிலின்ர ஒரு நீட்டுப் பக்கத்தைச் சுவரோட இடைவெளி இல்லாமல் ஒட்டி வையுங்கோ, அப்ப ஆளைச் சுவர்ப்பக்கம் சரிச்சா விழுவினமோ எண்ட பயமில்லை. பதிஞ்ச கட்டிலெண்டா உங்கட நாரிதான் முறியும், அதால நாலு காலுக்கும் ஆடாத மாதிரி சீமெந்துக் கல்லு வைச்சு உங்கட இடுப்பளவுக்கு உயர்த்தினா நல்லம், ஆனா பக்கத்தில தடுப்பில்லாத கட்டிலை உயர்த்தினா ஆளைத் தனிய விட்டிட்டு எங்கயும் போகேலாது. பாயில படுக்கிற ஆளெண்டா நீங்கள் முழங்காலில இருந்து செய்யுங்கோ, குனிஞ்சு செய்யாதேங்கோ.

மெத்தைக்கு மேல றபர் சீற், அதுக்கு மேல கொட்டன் துணி. றபர் சீற்றில நேரடியா ஆளைப் படுக்க வைக்கக் கூடாது, இஞ்சத்த வெக்கைக்கு வேர்த்து தோல் ஊறிப் போகும். இடுப்புக்குக் கீழ ஒரு பழைய கொட்டன் சேலையையோ சாரத்தையோ நாலா மடிச்சுப் போட்டு விட்டா, ஆளை மேல ஏத்தவும் அரக்கவும் அந்தச் சேலையோட தூக்கலாம், தோலைப் போட்டு இழுபடுத்தத் தேவையில்லை. படுக்கையில தோல் உரியிறதுக்குப் பாதிக் காரணமே இழுபடுறதுதான்.

பம்பஸைத் திறக்க முதல் எல்லாத்தையும் கைக்கெட்டின தூரத்தில வைச்சிருக்கோணும், பாதியில எழும்பி ஓடுற அலுவல் இருக்கக் கூடாது. புதுப் பம்பஸ், இளஞ்சூட்டுத் தண்ணி ரெண்டு பேசினில, மெல்லிய துணித்துண்டு கொஞ்சம், ஈரம் ஒத்தி எடுக்க ஒரு துவாய், கிளவுஸ், சிங்க் ஒக்சைட் கிறீம், ஊத்தையைப் போட ஒரு ஷொப்பிங் பாக், மேல மூடிவிட ஒரு துணி. கிளவுஸை ரெண்டு சோடி ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டுக்கொண்டா, கழுவி முடிய மேல கிடக்கிற ஊத்தைச் சோடியைக் கழட்டி எறிஞ்சிட்டு, புதுப் பம்பஸை சுத்தமான கையால தொடலாம். கரண்ட் போற நேரத்துக்கு ஒரு ரோச்சும் பக்கத்தில கிடக்கட்டும்.

முதல்ல ஆளோட கதையுங்கோ

இதைப் பாதிப் பேர் விட்டிடுவினம். கதவைச் சாத்துங்கோ, சன்னல் சீலையை இழுத்து விடுங்கோ, சின்னப் பிள்ளையளை அங்கால விளையாட விடுங்கோ. "அம்மா, பம்பஸ் ஒருக்கா மாத்துவம், நான் இப்ப உங்களை அங்கால சரிக்கப் போறன்" எண்டு சொல்லிப் போட்டுத்தான் கை வைக்கோணும். அவ கதைக்க மாட்டா, நினைவு தப்பித் தப்பி வரும், அப்பிடியெண்டாலும் சொல்லுங்கோ, பாரிசவாதம் வந்து வாய் திறக்கேலாத கன பேருக்குக் காது கேக்கும், விளங்கும். மணக்குது, ஊத்தை, திரும்பவும் போயிட்டியளோ எண்டு அவைக்குக் கேக்கக் கதைக்கவே கூடாது. பிள்ளையளைக் கழுவித் துடைச்சு வளத்த ஆள் இண்டைக்கு அந்தப் பிள்ளையின்ர கையில கிடக்கேக்க அவைக்கு இருக்கிற வெக்கம் எங்களுக்கு விளங்காது, சில பேர் அந்த வெக்கத்திலயே சாப்பாட்டையும் தண்ணியையும் குறைச்சுப் போடுவினம்.

மகன் தாயைப் பாக்கிற வீடுகள், மருமகள் மாமாவைப் பாக்கிற வீடுகள் இருக்கு, வேற ஆரும் இல்லை எண்டா செய்யத்தான் வேணும், அதில ஒரு பிழையுமில்லை. மேல ஒரு துணியை மூடிவிட்டு, கழுவுற இடத்தை மட்டும் விலத்தி, முகத்தைப் பாத்துக் கதைச்சுக்கொண்டு செய்தா ரெண்டு பேருக்கும் லேசா இருக்கும். கை ஏலுமான ஆளெண்டா முன்பக்கத்தை அவையே துடைக்கட்டும், துணியை நனைச்சுக் கையில குடுங்கோ.

மாத்திற விதம்

தனிய ஒராள், கட்டில் சுவரோட இருக்கு எண்டு வைச்சுச் சொல்லுறன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி கிளவுஸைப் போட்டிட்டு, புதுப் பம்பஸை விரிச்சு, நீட்டுப் பக்கமா ஒருக்கா மடிச்சு ஒரு தோணி மாதிரி குழிவா வரச் செய்யுங்கோ, உள்ளுக்க ரெண்டு கரையிலயும் இருக்கிற இலாஸ்ரிக் தடுப்பு அப்பதான் எழும்பி நிக்கும், ஒழுகாமல் மறிக்கிறது அதுதான். உள்பக்கத்தைக் கையால தடவாதேங்கோ. ஒட்டுற ரேப் இருக்கிற பக்கம் பின்பக்கம், இதை மாறிப் போடுற ஆக்கள் கன பேர்.

ஆள் நிமிந்து படுத்திருக்கேக்க பழசின்ர ரேப்பைக் கழட்டி, முன்பக்கத்தைக் காலுக்கிடையில உள்நோக்கி மடிச்சு விடுங்கோ. முன்பக்கத்தைக் கழுவுறது இந்த நேரம். பொம்பிளையளுக்கு எப்பவும் முன்னுக்கிருந்து பின்னுக்கு, ஒரு இழுப்புக்கு ஒரு துணிப்பக்கம், திரும்ப முன்னுக்குக் கொண்டு வரக் கூடாது, பின்பக்கத்துக் கிருமி மூத்திர வழியால போனா காய்ச்சல் வரும். ஆம்பிளையளுக்கு முன்தோலை மெதுவாப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி, கட்டாயம் திரும்ப முன்னுக்கு இழுத்து விடோணும், பின்னுக்கு விட்டபடி மூடினா வீங்கி இறுகி ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரும். கவட்டு மடிப்புகள், விதைக்குக் கீழ, வயிறு தொங்கிற ஆளெண்டா வயித்து மடிப்புக்குள்ள, எல்லா இடமும் விலத்திப் பாத்துத் துடையுங்கோ.

பிறகு திருப்பிறது. உங்கட பக்கம் இருக்கிற கையை நெஞ்சுக்குக் குறுக்கால வைச்சு, உங்கட பக்கத்து முழங்காலை மடிச்சு, ஒரு கை தோளில ஒரு கை இடுப்பில வைச்சு, தோளும் இடுப்பும் ஒண்டாத் திரும்பிற மாதிரி சுவர்ப்பக்கம் மெதுவாச் சரியுங்கோ. கையைப் பிடிச்சு இழுத்துத் திருப்பக் கூடாது, அதுவும் பாரிசவாதத்தில சோந்து போன கையெண்டா தோள்மூட்டு கழண்டு போகும். இடுப்பெலும்பு ஒப்பரேஷன் செய்த ஆளெண்டா ரெண்டு காலுக்கும் இடையில தலகணி வைச்சு, கால் குறுக்கால போகாமல் திருப்போணும், எந்தப் பக்கம் திருப்பலாமெண்டு வாட்டிலயே கேட்டு வாங்கோ. சரிச்சாப் பிறகு உங்கட ஒரு கை எப்பவும் இடுப்பில இருக்கட்டும்.

மலம் போயிருந்தா பழைய பம்பஸின்ர சுத்தமான பகுதியாலயே முதல்ல வழிச்சு எடுத்து, அதை உள்ளுக்குச் சுருட்டி முதுகுப் பக்கம் கீழ தள்ளி, அதுக்கு மேல ஒரு பழந்துணி போட்டு மூடுங்கோ. பிறகு துணியை நனைச்சு நனைச்சுக் கழுவி, ஈரத்தைத் துவாயால ஒத்தி எடுக்கோணும், உரஞ்சக் கூடாது. அந்த நேரம்தான் தோலைப் பாக்கிறது, அதைக் கீழ தனியச் சொல்லுறன். மேல் கிளவுஸைக் கழட்டிப்போட்டு, கிறீமை மெல்லிசாப் பூசி, புதுப் பம்பஸின்ர அங்காலப் பாதியைச் சுருட்டி ஆளுக்குக் கீழ தள்ளி, இஞ்சாலப் பாதியை விரிச்சு விடுங்கோ. நடு முதுகெலும்புக்கு நேராவும், மேல்க்கரை இடுப்பு மட்டத்திலயும் நிக்கோணும், கீழ இறங்கி நிண்டா முதுகுப் பக்கத்தால ஒழுகும். இப்ப ஆளை நிமித்தி, கொஞ்சம் உங்கட பக்கம் சரிச்சு, அங்கால கையை விட்டுப் பழசை உருவி எடுத்து, மிச்சம் கிடக்கிற பக்கத்தையும் துடைச்சு, புதுசின்ர சுருட்டின பாதியை இழுத்து விடுங்கோ.

நிமித்திக் காலைக் கொஞ்சம் விரிச்சு முன்பக்கத்தை மேல எடுங்கோ, ஆம்பிளையளுக்கு குறி கீழ்நோக்கி இருக்கோணும், மேல நோக்கி இருந்தா மூத்திரம் வயித்துப் பக்கத்தால வெளிய வந்து பெட்சீற் எல்லாம் நனையும். ரேப்பில கீழதை முதல்ல கொஞ்சம் மேல்நோக்கிச் சரிச்சு ஒட்டி, பிறகு மேல்ரேப்பைக் கொஞ்சம் கீழ்நோக்கி ஒட்டினா தொடையிலயும் இடுப்பிலயும் அளவாப் பிடிக்கும். இடுப்பில ரெண்டு விரல் போகோணும். தொடைக்கரையைச் சுத்தி விரலை விட்டு மடிஞ்சு கிடக்கிறதை வெளிய எடுத்து விடுங்கோ, அந்த மடிப்பு ஒரு இரவு அழுத்தினாலே தோல் வெட்டுப்படும்.

சாப்பாடு குடுத்த கையோட இதைச் செய்யாதேங்கோ, மூக்கு ரியூப்பால குடுக்கிற ஆளெண்டா குறைஞ்சது அரை மணித்தியாலமாவது விட்டுத்தான் தலையைப் பதிக்கலாம், இல்லாட்டி சாப்பாடு மேல வந்து நெஞ்சுக்குள்ள போயிடும். மூத்திர ரியூப் போட்டிருந்தா திருப்ப முதல் அது எங்க ஓடுது எண்டு பாருங்கோ, பையை ஆளுக்கு மேலால தூக்கிக் கொண்டு போகக் கூடாது, எப்பவும் இடுப்பை விடக் கீழ தொங்கோணும், தூக்கினா பழைய மூத்திரம் திரும்ப உள்ளுக்குப் போகும்.

தோலைப் பாக்கிறது

மூத்திரம் தோலில ஊறிக் கிடந்தா அதில அமோனியா உண்டாகி தோலின்ர இயற்கையான புளிப்புத் தன்மை போயிடும், அந்த நேரம் மலத்தில இருக்கிற நொதியங்கள் கூடுதலா வேலை செய்து தோலை அரிச்சுப் போடும். ரெண்டும் சேந்து கிடந்தாத்தான் ஆகக் கூடாது, அதால மலம் போனா இரவு ரெண்டு மணியெண்டாலும் உடன மாத்துங்கோ. மூத்திரம் மட்டுமெண்டா ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பாத்து, நிரம்பினா மாத்தலாம், நனைஞ்சதைக் காட்டுற கோடு இருக்கிற பம்பஸெண்டா திறக்காமலே நிறத்தில தெரியும். வெயில் காலத்தில அடிக்கடி பாருங்கோ.

டெற்றோல் ஊத்தின தண்ணியால கழுவிறதை நிப்பாட்டுங்கோ, எங்கட ஆக்கள் சுத்தம் எண்டு நினைச்சுச் செய்யிறது, தோலை வறட்டிப் போடும். காரமான சவர்க்காரமும் ஒவ்வொருக்காவும் வேண்டாம். பவுடரும் போடாதேங்கோ, ஈரத்தோட திரண்டு மடிப்புக்குள்ள நிண்டு உரஞ்சும். கிறீமை வெள்ளையா அப்பினா பம்பஸ் உறிஞ்சாது, மெல்லிய படையே காணும்.

நாரிக்குக் கீழ வாலெலும்பு, ரெண்டு இடுப்புப் பக்கம், குதிக்கால், இந்த இடங்களில தோல் சிவந்திருந்தா விரலால அமத்தி விட்டுப் பாருங்கோ. வெளிறித் திரும்பச் சிவந்தா நேரத்தோட அழுத்தத்தை எடுத்தா மாறிடும், அமத்தியும் வெளிறாமல் அப்பிடியே கிடந்தா அதுதான் படுக்கைப் புண்ணின்ர தொடக்கம். எங்கட நிறத்துக்குச் சிவப்பு வடிவாத் தெரியாது, அதால கறுத்தோ ஊதாவாவோ இருக்கோ, பக்கத்துத் தோலை விடச் சூடா இருக்கோ, தொட்டா கட்டியாவோ கூழாவோ இருக்கோ எண்டு கையாலயும் பாக்கோணும். அப்பிடி இருந்தா அந்தப் பக்கம் படுக்க விடாதேங்கோ, எண்ணெய் போட்டு உரஞ்சித் தேய்க்காதேங்கோ, தேய்ச்சா உள்ளுக்க இருக்கிற சதைதான் இன்னும் பழுதாகும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்தி, முதுகுக்குத் தலகணி குடுத்துக் கொஞ்சமாச் சரிச்சு விட்டு, குதிக்கால் மெத்தையில படாத மாதிரி கெண்டைக்காலுக்குக் கீழ தலகணி வைச்சு விடுங்கோ.

முள்ளந்தண்டு பாதிச்ச ஆக்களுக்கு இந்தப் பார்வை இன்னும் முக்கியம், அவைக்கு இடுப்புக்குக் கீழ நோ தெரியாது, புண் எலும்பு வரைக்கும் போனாலும் ஆள் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு இருப்பார். நெஞ்சளவுக்கு மேல பாதிச்ச ஆளுக்கு திடீரெண்டு தலை வெடிக்கிற மாதிரி இடிச்சு, முகம் சிவந்து வேர்த்தா, ரியூப் மடிஞ்சு மூத்திரம் அடைச்சிருக்கலாம், இல்லாட்டி வயிறு கட்டியிருக்கலாம், பிறஷர் உச்சத்துக்குப் போற ஆபத்து அது. உடன ஆளை நிமித்தி இருத்தி, பம்பஸையும் இறுக்கமான உடுப்பையும் தளத்தி, ரியூப்பைப் பாத்து, அது அடங்காட்டி 1990க்கு அடியுங்கோ, அந்த அம்புலன்ஸ் இலவசம்.

கவட்டு மடிப்புக்குள்ள சிவந்து, சுத்திவரச் சின்னச் சின்னப் பொட்டா வந்தா அது பங்கசு, சிங்க் கிறீமுக்கு மாறாது, டொக்டரிட்டக் காட்டி மருந்து எடுக்கோணும்.

தண்ணியும் வயிறும் காசும்

பம்பஸ் மிச்சம் பிடிக்கத் தண்ணியைக் குறைக்காதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன். மூத்திரம் தடிச்சாத் தோல் கூட எரியும், கிருமி பிடிக்கும், மலம் இறுகும். சிறுநீரக வருத்தமோ இதய வருத்தமோ உள்ள ஆளுக்கு மட்டும் டொக்டர் சொன்ன அளவு. நாலைஞ்சு நாள் வெளிக்குப் போகாத ஆளுக்குத் திடீரெண்டு தண்ணியாக் கசிஞ்சா அதை வயித்தோட்டம் எண்டு நினைச்சு மருந்து குடுக்காதேங்கோ, இறுகின மலம் அடைச்சு நிக்க அதைச் சுத்தித் தண்ணி மட்டும் வாறதாயும் இருக்கும், காட்டுங்கோ. விடியச் சாப்பிட்டாப் பிறகு குடல் அசையிற நேரம், கொஞ்ச நேரம் விட்டு, அது போனாப் பிறகு மாத்தினா ஒரு பம்பஸ் மிஞ்சும்.

காசு மிச்சம் பிடிக்க நல்ல வழி, பகலில கொஞ்ச நேரம் பம்பஸைத் திறந்து விட்டுக் கீழ கொட்டன் துணி போட்டு, ஃபானுக்குக் கீழ காத்துப் பட விடுறது, தோலுக்கும் அது மருந்து. மாரியில துணி காயாது, அப்ப கூடத் துணி வைச்சிருங்கோ. ஒண்டுக்கு மேல ஒண்டா ரெண்டு பம்பஸ் போட்டா மிச்சமில்லை, வெளிப்பக்கம் பிளாஸ்ரிக், கீழ கிடக்கிறதுக்கு ஈரம் போகாது, வெக்கைதான் கூடும். ஜிஎஸ்ஸிட்டயும் (கிராம சேவகர்) பிரதேச செயலகத்தில சமூக சேவைப் பக்கமும் போய்க் கேளுங்கோ, மாற்றுத்திறனாளியள், வயது போன ஆக்கள், சிறுநீரக நோயாளருக்குக் கொடுப்பனவு இருக்கு, கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கோ.

கழட்டினதில இருக்கிற மலத்தை டொயிலற்றில தட்டிப் போட்டு, பம்பஸை உருண்டையாச் சுருட்டி அதின்ர ரேப்பாலயே ஒட்டி, பையில கட்டி வையுங்கோ. பம்பஸை டொயிலற்றுக்குள்ள போடவே கூடாது, உள்ளுக்க இருக்கிற ஜெல் தண்ணியில ஊதிக் குழியை அடைச்சுப் போடும். பிரதேச சபை வண்டி வாற இடமெண்டா அதில குடுக்கலாம், வராத இடத்தில கிணத்துக்குத் தள்ளி, நாய் கிண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டித் தாழுங்கோ. எரிக்காதேங்கோ, அந்தப் பிளாஸ்ரிக் புகை வீட்டில படுத்திருக்கிற ஆளின்ர நெஞ்சுக்குத்தான் முதல்ல போகும்.

காய்ச்சல், மூத்திரத்தில ரத்தம், வழமைக்கு மாறான நாத்தம், வயது போன ஆள் திடீரெண்டு மாறாட்டமாக் கதைக்கிறது, தோல் உடைஞ்சு நீர் வடியிறது, பாதி நாளாப் பம்பஸ் நனையாமலே கிடக்கிறது, இதில எது கண்டாலும் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, கிளினிக் திகதி வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.